முட்டை கலக்காத சிலிண்டர்

பாவாடைக்குத் தொழிலில் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'நாத்தம்'. கள்ளக்குறிச்சியில் ஒரு கேஸ் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறார். அடுப்பைப் பழுது பார்ப்பது, ரெகுலேட்டர் மாற்றுவது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்க் குழாயைச் சோதிப்பது எல்லாம் அவர் வேலை. அதிலெல்லாம் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. அவரைப் பாடாய்ப் படுத்துவது போனில் வரும் ஒற்றை வரிதான்.

"கேஸு நாத்தமா நாறுதுப்பா, வந்து பாரு."

போய்ப் பார்த்தால் பரணில் எலி செத்துக் கிடக்கும். ஏமப்பேரில் ஒரு வாத்தியார் வீட்டில் முட்டைக்கோஸ் பொரியலைக் குக்கரில் வைத்து மூடியவர்கள் மூன்று நாள் அதை மறந்துபோய், நாலாம் நாள் ஏஜென்சிக்குப் போன் போட்டார்கள். குக்கரைத் திறந்து காட்டியவர் பாவாடைதான். இன்னொரு வீட்டில் மகள் சூடு மிஷினை வைத்துத் தலைமுடியை நீட்டிக்கொண்டிருந்தாள், அந்தக் கருகல்தான் கூடம் முழுக்க. பக்கத்துக் களத்தில் எவனோ டயரைக் கொளுத்தியதற்கு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பாவாடை தன் டிவிஎஸ் வண்டியில் சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். பெட்ரோலும் போய், வெயிலும் பட்டு, கடைசியில் கோஸ்.

அவருடைய எரிச்சலில் நியாயம் இருந்தது. நெடி என்று ஒரு சொல் இருக்கிறது. கமறல், கருகல், கவுச்சி, மக்கல், முடை எல்லாம் இருக்கின்றன. தாளிப்பு லேசாகத் தீய்ந்தாலே கடுகு தீய்ந்ததா, கறிவேப்பிலை தீய்ந்ததா என்று தெருவிலிருந்தே சொல்லிவிடுகிற ஜனம், உயிர் போகிற சமாசாரத்துக்கு மட்டும் 'நாத்தம்' என்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் அவர் போனிலேயே விசாரிக்க ஆரம்பித்தார்.

"மூக்குல குத்துதா, தொண்டையில கமறுதா, இல்ல வவுத்தப் பெரட்டுதா? சரியா சொல்லும்மா."

"நீ இன்னா டாக்டரா? நாறுதுன்னா நாறுது."

இந்தப் பதிலை அவர் குறைந்தது நூறு தடவையாவது கேட்டிருப்பார்.

அவருடைய பெயரும் ஒரு தொல்லை. குழந்தை தங்காத வீட்டில் பாவாடைராயனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை, சாமி பெயரை வைத்தார்கள். இந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு பாவாடை இருப்பதால் யாருக்கும் அதில் சிரிப்பில்லை. சென்னையிலிருந்து மேனேஜராக வந்த தீனதயாளன் மட்டும் முதல் நாள் வருகைப் பதிவேட்டைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார். அன்றிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'மெக்கானிக்' என்றே கூப்பிடுகிறார். அம்மா கரும்பு வெட்டிப் படிக்க வைத்த பத்தாம் வகுப்புக்கு இந்த வேலை கிடைத்ததே பெரிசு என்று பாவாடை பொறுத்துக்கொண்டார்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் விழுப்புரத்தில் நடந்த ஒருநாள் பயிற்சியில் ஓர் அதிகாரி சொன்னதுதான் அவருக்குத் தெரிந்த விஞ்ஞானம் முழுவதும். ஆனால் அதை அவர் மறக்கவே இல்லை. சிலிண்டரில் வருகிற கேஸுக்குச் சொந்தமாக வாடையே கிடையாது. அப்படியே விட்டால் வீடு நிறைந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. அதனால் கம்பெனியில் மெர்காப்டன் என்று ஒரு சாமானைக் கொஞ்சமாகக் கலந்து அனுப்புகிறார்கள். அதில் இருப்பது கந்தகம். கந்தகம் சேர்ந்த இந்த மாதிரிப் பொருள் கோடியில் ஒரு துளி காற்றில் இருந்தாலும் மனுஷ மூக்கு கண்டுபிடித்துவிடும். தீப்பிடிக்கிற அளவுக்குக் கேஸ் சேருவதற்கு வெகு முன்பே மூக்கு எச்சரித்துவிட வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

வம்பு எங்கே வருகிறதென்றால், அதே கந்தகம் ஊரெல்லாம் இருக்கிறது. முட்டையில் இருக்கிறது, அழுகினால் அதுதான் நாறுகிறது. கோஸிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் பெருங்காயத்திலும் இருக்கிறது. முடி, நகம், கம்பளி, கோழி இறகு எல்லாவற்றிலும் இருக்கிறது. அதனால்தான் பருத்தித் துணி எரிந்தால் காகிதம் எரிந்த வாசமும், முடி எரிந்தால் வேறு மாதிரிக் கொடுமையான வாடையும் வருகின்றன. டயர் ரப்பரில் அதைச் சேர்த்துத்தான் கெட்டியாக்குகிறார்கள். தீக்குச்சி மருந்தில் இருக்கிறது. அழுகினால் வயிற்றைப் புரட்டும், எரிந்தால் மூக்கில் குத்தும். ஆக, போனில் கூப்பிடுகிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பது பாவாடைக்கும் தெரியும். எல்லாரும் ஒரே ஆளைத்தான் வேறு வேறு வீட்டில் பார்க்கிறார்கள். தெரிந்தும் எரிச்சல் வந்தது.

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் ஒரு பெரியவர் மட்டும் அவரை ஒருநாளும் எரிச்சல்படுத்தியதில்லை. இருசப்பன் என்று பெயர். இலவச இணைப்பு கொடுத்த புதிதில் அவர் வீட்டில் ஒருநாள் லேசாகக் கசிந்தது. அவர் சிலிண்டரை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் முற்றத்துக் கடைசியில் வைத்துவிட்டு, அதன் பிறகு பக்கத்து மேட்டில் சிக்னல் தேடிப் போன் செய்தார். "இது நம்ம காட்டுல இல்லாத வாடை. அதான் வெளிய வெச்சிட்டேன்" என்றார். எந்த வாடை என்று தெரியாவிட்டாலும் தன் வீட்டு வாடை இல்லை என்று தெரிந்தால் போதும். இந்த ஒரு புத்தி சமவெளியில் ஒருத்தருக்கும் இல்லையே என்று பாவாடை எத்தனையோ நாள் வாய்விட்டுப் புலம்பியிருக்கிறார்.

ஆனால் அவர் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மதியம். காலையிலிருந்து நாலு வீடு அலைந்து நாலும் வெறும் அலைச்சல். தியாகதுருகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "முட்ட நாத்தம் அடிக்குதுங்க, சமையல்கட்டுல நிக்க முடியல" என்றாள். பாவாடைக்குப் பசி, வெயில், தலைவலி.

"முட்ட நாத்தம்னா முட்டைய எடுத்து வெளிய போடும்மா. அதுக்கு எதுக்கு எனக்குப் போன் பண்ற?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் பெயர் ராணியம்மாள். வீட்டில் நிஜமாகவே ஒரு தட்டு முட்டை இருந்தது. ஜன்னல் இல்லாத சமையல்கட்டு, பகல் நேரத்து மின்வெட்டு. மேடைக்கு அடியில் உடைந்த முட்டை எதுவும் கிடக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழித்திருக்கிறாள். உயிர் பிழைத்தாள். வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டிக்கொண்டன, கழுத்தில் ஒரு பக்கம் தோல் சுருங்கிப்போனது. விசாரிக்க வந்தவர்களிடம் போன் செய்ததை அவள் சொல்லவே இல்லை. பாவாடையும் சொல்லவில்லை. இப்போது அவள் தியாகதுருகம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் விறகு அடுப்பில் இட்லிக்கடை வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் வேலை இருந்தால் பாவாடை அங்கேதான் சாப்பிடுவார். அவள் தட்டை வைப்பாள், டீ கொடுப்பாள், பிள்ளைகளை விசாரிப்பாள். அந்தப் போனைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் பாவாடை திட்டிக்கொண்டாவது போய்விடுவார்.

இந்தக் கார்த்திகையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

காலையில் தியாகதுருகத்தில் இரண்டு அடுப்பு வேலை. முடித்துவிட்டு ராணியம்மாள் கடையில் நாலு இட்லியும் ஓர் ஆம்லேட்டும் சாப்பிட்டார். பிறகு ஐந்து வருடச் சோதனைப் பட்டியலை எடுத்துக்கொண்டு வடக்கனந்தல் போனார். அந்தச் சோதனையும் ஒரு தலைவேதனைதான். எந்த வீட்டிலும் உள்ளே விட மாட்டார்கள். இப்போதுதான் வீடு மெழுகினோம் என்பார்கள், வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்பார்கள். மூன்று வீட்டில் திரும்பிவிட்டு நாலாவதாக நாராயணசாமி வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி மூன்றரை.

நாராயணசாமி எட்டு ஏக்கர் மக்காச்சோளக்காரர். சபரிமலைக்கு மாலை போட்டு இருபத்தெட்டாவது நாள். கறுப்பு வேட்டியில் வாசலில் உட்கார்ந்து, காயப்போட்ட சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"சாமி, கேஸ் ஏஜென்சியில இருந்து வர்றேங்க. அஞ்சி வருச செக்கிங்."

"இப்ப வேணாம் சாமி. மலைக்குப் போய்ட்டு வந்துடறேன், அப்பால வா."

பாவாடை செருப்பைக் கழற்றக் குனிந்தார். குனிந்த இடத்தில் மூக்கில் வந்து மோதியது. நிமிர்ந்தார், குறைந்தது. மறுபடி குனிந்தார். செத்த எலியாக இருந்தால், நாம் நின்றாலும் குனிந்தாலும் ஒரே மாதிரிதான் நாறும். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் நகரும்.

"சாமி, வூட்டுல கேஸ் லீக்காவுதுங்க."

"அது கேஸ் இல்ல சாமி. அது எங்க வூட்டுப் பிரச்சினை" என்றார் நாராயணசாமி சங்கடமாக.

"இன்னா பிரச்சினைன்னு அவருக்கும் சொல்லுங்க. ஊருக்கே தண்டோரா போடுங்க." உள்ளேயிருந்து அவர் மனைவி அமிர்தத்தின் குரல் வந்தது.

விஷயம் இதுதான். காலையிலிருந்து சமையல்கட்டில் முட்டை நாத்தம் அடிக்கிறது. மாலை போட்டவர் இருக்கிற வீட்டில் முட்டை. மருமகள் விஜயலட்சுமி ஐந்து மாதம் கர்ப்பம். ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்ஸ் தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கிறாள். இதற்கு மேல் அமிர்தத்துக்குச் சாட்சி வேண்டியதில்லை. அரிசிப் பானை, துணி பீரோ, மருமகள் பை எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாயிற்று. ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் ஒளித்துவைத்திருக்கிறாளே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரம். இனி அவள் சமையல்கட்டில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. சாயங்காலம் சின்னசேலத்துக் கடையிலிருந்து மகன் சிவசங்கர் வந்ததும் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு.

விஜயலட்சுமி வீட்டோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் காலையிலயே சொன்னேன்ணா, கேஸா இருக்கப்போவுதுன்னு. பழியத் தூக்கி சிலிண்டர் மேல போடறேன்னு சொல்றாங்க."

"காலையில சாம்பிராணி போட்டேன், நாத்தம் போயிடுச்சு. கேஸா இருந்தா சாம்பிராணிக்குப் போவுமா?" என்றபடி அமிர்தம், வாசலிலிருந்து நேராகத் தெரிந்த பின்பக்கக் கதவருகே வந்தாள். பின்கட்டில் தூபக்காலில் கொட்டாங்கச்சிக் கரி கனன்றுகொண்டிருந்தது. இரண்டாவது சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

பாவாடைக்கு உயிரே போய் வந்தது. காலையில் நெருப்பைக் கையில் ஏந்தி வீடு முழுவதும் சுற்றியிருக்கிறாள். ஜன்னல் திறந்திருந்ததாலும், கசிவு சின்னதாக இருந்ததாலும் தப்பித்திருக்கிறார்கள்.

"நாத்தம் போவலைங்கம்மா. மூக்கு பழகிப்போச்சு. இந்த வாடை கொஞ்ச நேரம் இருந்தா மூக்கு மரத்துடும். வெளிய போய்ட்டு வந்து மோந்தீங்கன்னா தெரியும். நான் உள்ள வந்து ரெகுலேட்டர மட்டும் அடைச்சிடறேன்."

"குளிச்சியா?"

"காலையில குளிச்சேங்க."

"மத்தியானம் இன்னா சாப்ட்ட?"

இந்த இடத்தில் தயிர்சாதம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். பாவாடைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை, அவசரத்தில் தோன்றவில்லை.

"நாலு இட்லிங்க. ஒரு ஆம்லேட்டு."

"பாத்தியா. இவன் வாசல்ல நிக்கறப்பவே நாறுது."

"அம்மா, காலையில இருந்து நாறுதுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் இப்பதானே வந்தேன்."

"எதுத்துப் பேசாத சாமி, என்னைக் கோவப்பட வெச்சிடாத" என்றார் நாராயணசாமி பல்லைக் கடித்துக்கொண்டு. சாமி என்று கூப்பிடுகிறாரே தவிர, சாமியை வாசற்படிக்கு இந்தப் பக்கமே நிறுத்திவைத்திருந்தார்.

"சரிங்க, நான் வரலை. நீங்களாவது போய் அடைச்சிட்டு வாங்க சாமி."

நாராயணசாமி மனைவியைப் பார்த்தார். ரெகுலேட்டர் எது, எங்கே இருக்கிறது என்று அவருக்கு இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அமிர்தமோ, சாயங்காலப் பூஜைக்குப் பொங்கல் வைக்கிற நேரத்தில் அடுப்பை எவன் அடைப்பான் என்று கேட்டாள். விஜயலட்சுமி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"உள்ள கால் வெச்ச, சிவசங்கர் வர்ற வரைக்கும்கூட பாக்க மாட்டேன். இப்பவே உங்கப்பனுக்குப் போன் போட்டு வரச் சொல்லிடுவேன்."

அவள் நின்றுவிட்டாள்.

பாவாடை விழுப்புரத்து அதிகாரி சொன்னதையெல்லாம் வாசலில் நின்றபடி சொல்லிப் பார்த்தார். கேஸுக்குச் சொந்த வாடை இல்லை, கந்தகம் சேர்த்த சாமானைக் கலக்கிறார்கள், முட்டையிலும் அதே கந்தகம்தான், அதனால் முட்டை மாதிரி இருக்கிறது, நீங்கள் சாம்பாரில் போடுகிற பெருங்காயத்திலும் கந்தகம்தான் என்றார். பெருங்காயத்தை இழுத்திருக்கக் கூடாது.

"பெருங்காயமும் முட்டையும் ஒண்ணுன்றியா? நாங்க வெரதச் சாப்பாட்டுல போடறது."

"ஒண்ணுன்னு சொல்லலைங்கம்மா..."

"கரி கனிஞ்சிடுச்சு, பேச்ச வுடு." அமிர்தம் தூபக்காலைக் கையில் எடுத்தாள். பின்கட்டுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் நாலு அடிதான் இருந்தது.

பாவாடை வீட்டைச் சுற்றி ஓடினார். பின்கட்டுக் கதவுக்கு முன்னால், அந்த அம்மாளுக்கும் வாசற்படிக்கும் நடுவில் போய் நின்றார். அவருடைய அம்மா இந்த மாதிரி வீடுகளின் பின்கட்டில் கூலிக்குக் காத்து நின்றிருக்கிறாள், ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. காலையிலிருந்து, இல்லை, இருபத்திரண்டு வருடமாக அடக்கி வைத்த எரிச்சல் எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது.

"முட்டைதாங்க" என்றார். "நீங்க சொல்றதுதான் சரி. முட்டையேதான். ஆனா உங்க மருமவ வெக்கல. கம்பெனிக்காரன் வெச்சான். சிலிண்டருக்குள்ளயே கலந்து அனுப்பறான்."

முட்டை நாத்தத்தைக் கலந்து அனுப்புகிறான் என்றுதான் சொல்ல வந்தார். சத்தியமாக அதைத்தான் சொல்ல வந்தார். அவசரத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போயிற்று. இத்தனை வருடமாக அவர் வெறுத்த அதே வார்த்தை, தேவைப்பட்ட நேரத்தில் வாயில் வரவில்லை.

அமிர்தம் தூபக்காலோடு அப்படியே நின்றாள்.

"இன்னா சொல்ற?"

"அதாங்க..."

"சிலிண்டருக்குள்ள முட்டையா?"

பாவாடை திருத்த வாயைத் திறந்தார். தூபக்காலில் கரி சிவப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"இருவத்தெட்டு நாளா அதுலதான் சாமிக்குப் பொங்கல் வெச்சிக்கினு இருக்கேனா?" என்றாள் அமிர்தம். தூபக்காலைத் தரையில் வைத்துவிட்டாள். பாவாடை அந்த நொடியே பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை அதன் மேல் கவிழ்த்தார்.

"தூக்கு. தூக்கி வெளிய போடு அத" என்றார் நாராயணசாமி. இருபத்தெட்டு நாளில் முதல் தடவையாக அவர் 'சாமி' போட மறந்துவிட்டார்.

"நான் உள்ள வரலாங்களா?"

"வந்து தொலையேன். இன்னும் நின்னுக்கினு கேள்வி கேட்டுக்கினு" என்றாள் அமிர்தம்.

எந்த ஸ்விட்சையும் யாரும் தொடக் கூடாது என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பாவாடை உள்ளே போனார். ஜன்னலை இன்னும் அகலத் திறந்தார், ரெகுலேட்டரை அடைத்துக் கழற்றினார், சிலிண்டருக்கு மூடி போட்டார், தோளில் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார். சோளத்திலிருந்து நல்ல தூரத்தில் இறக்கி வைத்துவிட்டுத்தான் நன்றாக மூச்சு விட்டார். பிறகு குழாயை எடுத்துவந்து மாட்டி, சோப்புத் தண்ணீரைத் தடவி, ரெகுலேட்டரை ஒரு நொடி திறந்து காட்டினார். மடிப்பில் பொட்டுப் பொட்டாக நுரை பொங்கியது. ரப்பர் அங்கே தேய்ந்து வெடித்திருந்தது.

மாலை போடுவதற்கு முந்தின நாள் சமையல்கட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய கவுச்சி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று குழாயையும் கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கம்பி நாரால் தேய்த்திருக்கிறாள் அமிர்தம். அன்று தேய்ந்த இடம் நாள்பட்டு இப்போது வெடித்திருக்கிறது. முட்டை வாடை போகத் தேய்த்த தேய்ப்பில் வந்த முட்டை வாடை அது. பாவாடைக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆபத்து தீர்ந்ததும் மனசு உறுத்தியது. "அம்மா, உள்ள முட்டை எதுவும் இல்லைங்க. முட்டை மாதிரி வாடைதான். அதுவும் அடுப்புல எரியும்போது எரிஞ்சி போயிடும், சோத்துல ஒண்ணும் சேராது" என்று பொறுமையாகச் சொன்னார்.

"இப்ப சமாளிக்காத. மொதல்ல சொன்னதுதான் நெசம்" என்றாள் அமிர்தம்.

நாராயணசாமி யோசித்துவிட்டு, மறுபடி 'சாமி'க்குத் திரும்பினார். "முட்டை கலக்காத சிலிண்டர் கெடைக்குமா சாமி? ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல."

பாவாடைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "மலைக்குப் போய்ட்டு வாங்க சாமி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டினார். அமிர்தம் அதற்குள் பின்கட்டில் விறகு அடுப்பு மூட்ட ஆரம்பித்திருந்தாள். "விஜயா, உள்ள போய் வெல்லம் எடுத்தா" என்று கூப்பிட்டாள். காலையிலிருந்து அழவைத்த பெண்ணிடம் ஒரு வார்த்தை தப்பு என்று சொல்லவில்லை. அன்று நடந்த எல்லாவற்றையும்விட அதுதான் பாவாடைக்குப் பொறுக்கவில்லை.

வண்டியை உதைக்கும்போது விஜயலட்சுமி வாசலுக்கு வந்தாள்.

"நெசமாவே முட்டையாண்ணா?"

"இல்லம்மா. கந்தகம்."

"தெரியும்ணா. பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்." பின்கட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். "அவுங்ககிட்ட திரும்ப வந்து சொல்லிக்கினு இருக்காதீங்க. புள்ள பொறக்கற வரைக்குமாவது முட்டைன்னே இருக்கட்டும். எது நாறினாலும் என்னைக் கேக்க மாட்டாங்க."

அவர் சொல்லவில்லை. சொல்லாததன் பலன் மூன்றாம் நாளே வந்தது. கார்த்திகைக் கடைசி, தெருவுக்கு நாலு பேர் மாலை போட்டிருக்கிற நேரம். கேஸில் முட்டை கலக்கிறார்கள் என்ற சேதி வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்தே வந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஏஜென்சிக்கு நாற்பத்து மூன்று போன். எல்லாரும் சமையல்கட்டில் குனிந்து குனிந்து மோந்து பார்க்கிறார்கள். தீனதயாளன் மேஜையைத் தட்டினார்.

"யாருய்யா இதக் கெளப்பி வுட்டது? முட்டை இல்லாத சிலிண்டர் குடுன்னு ஒருத்தர் மனு எழுதிக்கினு வந்து நிக்கறாரு. கேஸில் முட்டை இல்லைன்னு பேனர் அடிக்கணுமா நான்?"

பாவாடை நாற்பத்து மூன்று வீட்டுக்கும் போனார். கோஸ், சாக்கடை, ஊறவைத்துப் புளித்த மாவு, ஒரு வீட்டில் நிஜமாகவே ஒளித்துவைத்த முட்டை. திட்டிக்கொண்டேதான் போனார். நாற்பது வீட்டில் ஒன்றுமில்லை. மூன்று வீட்டில் குழாய் கசிந்தது. அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தையைச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"பேனரு கொஞ்ச நாள் போவட்டும் சார். எல்லாரும் மலைக்குப் போய்ட்டு வரட்டும்" என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னார்.

அடுத்த வாரம் தியாகதுருகத்தில் வேலை இருந்தது. ராணியம்மாள் டீயை வைத்துவிட்டு, எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். வழக்கமாக உட்கார மாட்டாள்.

"கேஸுல முட்டை கலக்கறாங்களாமே தம்பி. பஸ்ஸுல வர்றவங்கல்லாம் பேசிக்கறாங்க."

பாவாடை நாராயணசாமி வீட்டுக் கதையைச் சொன்னார். ஆம்லேட் இடத்தில் அவள் சிரித்தாள், தூபக்கால் இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். கேட்டு முடித்துவிட்டு, ஒட்டிப்போன விரல்களைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு நீகூட சொன்ன. முட்டைய எடுத்து வெளிய போடுன்னு."

ஒன்பது வருடத்தில் முதல் தடவை. பாவாடைக்கு டம்ளரைக் கீழே வைக்கத் தெரியவில்லை.

"தேடினேன் தம்பி. கெடைக்கல."

"அக்கா, நான் அன்னைக்கு..."

"அந்த வூட்டுல வெளிய போட்டாங்களா?"

"போட்டாங்கக்கா. நான்தான் தூக்கிக்கினு வந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. சின்னசேலத்திலிருந்து ஒரு பெண் குரல், கேஸு முட்ட நாத்தம் அடிக்குதுங்க என்றது. குத்துதா, கமறுதா, பெரட்டுதா என்று அவர் எதுவும் கேட்கவில்லை.

"ஜன்னலத் தொறந்துட்டு வெளிய வந்து நில்லும்மா. நெருப்பு, ஸ்விட்சு எதையும் தொடாத. வந்துக்கினே இருக்கேன்."

எழுந்தபோது ராணியம்மாள் பாதி டீயை எடுத்துக்கொண்டு, "நீ போ, அப்பறம் வந்து குடிச்சிக்கலாம்" என்றாள்.